தைப்பூசப் பாதயாத்திரை: கால் கெடாமல் பழநி போய்ச் சேர

திண்டுக்கல்லிலிருந்து பழநி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மதுரையிலிருந்து என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. காரைக்குடிப் பக்கமிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக வருகிறவர்களுக்கு 160 பக்கம் வந்துவிடும். மாலை போட்டு விரதம் இருந்து புறப்பட்டவர்கள் பாதியில் வேன் ஏறுவது மனம் தளர்ந்து அல்ல; உள்ளங்காலில் ஒரு கொப்புளம், தொடை இடுக்கில் உரசல், வயிற்றுப்போக்கு, இந்த மூன்றில் ஒன்றால்தான். மூன்றையும் வருமுன் தடுக்க முடியும். உயிருக்கே ஆபத்தான விஷயம் இரவு ரோடு. கீழே கால் பற்றியும் ரோடு பற்றியும் விரிவாக எழுதியிருப்பது அதனால்தான்.

புறப்படும் முன் 6 வாரம்

உடம்பில் தெம்பு இருந்தால் போதும், நடந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முதல் நாள் 35 கிலோமீட்டர் நடந்துவிடுவார்கள். சிக்கல் இரண்டாம் நாள் காலையில்தான். நேற்றைய வலியோடு மறுபடி நடக்க உடம்புக்குப் பழக்கம் வேண்டும். முதல் வாரம் 4 நாள், நாளுக்கு 4 முதல் 5 கிலோமீட்டர். பிறகு வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை நடையை மட்டும் 2 முதல் 3 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போங்கள். 5ஆம் வாரத்தில் சனிக்கிழமை 18, மறுநாளே 15 என்று அடுத்தடுத்து நடந்து பாருங்கள். இந்த ஒரு பயிற்சி, மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுத்தரும்: எந்த இடம் உரசுகிறது, எந்த விரல் நசுங்குகிறது, எந்த முழங்கால் முரண்டு பிடிக்கிறது என்று வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கடைசி வாரம் 3 கிலோமீட்டர் வீதம் இரண்டு நாள் போதும். பூங்கா மண்பாதையில் பழகாமல் தார் ரோட்டில் பழகுங்கள்.

40 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மாடி ஏறினால் நெஞ்சு இறுகுபவர்கள் ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து இசிஜி எடுத்துவிடுவது நல்லது. டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலில் நடக்கப் போகிறவர்கள் இதைத் தட்டிக் கழிக்கவே கூடாது.

செருப்பா, ஷூவா, வெறுங்காலா

ஷூ போடுகிறவர்கள் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு புறப்படக் கூடாது. குறைந்தது 60, 70 கிலோமீட்டர் நடந்து பழகிய ஷூ வேண்டும். நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கும். அதனால் மாலையில் கடைக்குப் போய், நின்றபடி அளந்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிற மாதிரி வாங்குங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். நைலான் அல்லது பாலியஸ்டர் கலந்த, விரல் பக்கம் தையல் தடிப்பு இல்லாத சாக்ஸ் 3 ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். நகத்தைப் புறப்படும் அன்று வெட்டாமல் 3, 4 நாள் முன்பே நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் குத்தும்.

சாதாரண ரப்பர் செருப்பில் நீண்ட தூரம் நடப்பது நல்லதல்ல. அது கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. 20 கிலோமீட்டரில் பாதமும் கெண்டைக்காலும் சேர்ந்து வலிக்கும். குதிகாலில் பட்டை உள்ள சாண்டல் எவ்வளவோ மேல்.

வெறுங்காலில் வருவதாக வேண்டிக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றரை மாதம் முன்பே தினமும் அரை மணி நேரம் வெறுங்காலில் ரோட்டில் நடக்க ஆரம்பிக்க வேண்டும். உள்ளங்கால் தோல் தடிக்க அவ்வளவு காலமாகும். தை மாதம்தானே என்று நினைக்க வேண்டாம். காற்றில் 31, 32 டிகிரி இருக்கும்போதே நண்பகல் வெயிலில் தார் 50 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூடு தாங்காமல்தான் பலர் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்கிறார்கள். கோடு தாரைவிடக் குளிர்ச்சி என்பது உண்மைதான், ஆனால் வண்டி உரசிக்கொண்டு போகிற இடமும் அதுதான். 10:30 மணிக்கு மேல் நிழலில் ஒதுங்கிவிடுங்கள். சீமைக்கருவேல முள் ஏறினால் அப்போதே உட்கார்ந்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நுனி உள்ளே முறிந்துவிட்டால் கிண்டாமல் மருத்துவ முகாமில் காட்டுங்கள்.

சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போனவர்களுக்கு வெறுங்கால் வேண்டவே வேண்டாம். குத்தினாலும் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. வேண்டுதலை எப்படி மாற்றிக்கொள்வது என்று குருசாமியிடமே கேட்டுவிடலாம்.

கொப்புளம்

தோல் தேய்ந்து வருவது கொப்புளம் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஈரமான மேல்தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்கிறது. உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே தோலின் அடுக்குகள் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கட்டுகிறது. 30 கிலோமீட்டர் நடந்தால் ஒவ்வொரு காலும் 20,000 தடவை ஊன்றும். ஆக, தடுக்க வேண்டியது ஈரத்தையும் இழுபடுவதையும்.

மருந்துக்கடையில் ஓர் அங்குல அகல மைக்ரோபோர் டேப் 2 சுருள் வாங்குங்கள். காலையில் கால் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, பயிற்சியில் எந்த இடம் உரசியதோ அங்கே (பெரும்பாலும் குதிகால் பின்புறம், பெருவிரல் பக்கவாட்டு, முன்பாதத்தின் அடி) சுருக்கம் விழாமல் ஒரே அடுக்காக ஒட்டுங்கள். மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிவிட்டால் ஓரம் சுருண்டுகொள்ளாது. விரலைச் சுற்றி இறுக்கமாகக் கட்டாதீர்கள். வீங்கும்போது ரத்த ஓட்டம் தடைப்படும்.

2 மணி நேரத்துக்கு ஒரு முறை ஷூவைக் கழற்றி, சாக்ஸ் மாற்றி, காலை உயரத் தூக்கி வைத்து 10 நிமிடம் காற்றாட விடுங்கள். கழற்றிய சாக்ஸைப் பையின் மேல் கட்டிக் காயப் போட்டுவிட்டால் அடுத்த நிறுத்தத்துக்கு ஆகும்.

கொப்புளம் வருமுன் அந்த இடம் சுள்ளென்று சுடும், சின்னச் சிவப்பு வட்டமாகத் தெரியும். அந்த நிமிடமே நிற்க வேண்டும். குழு முன்னால் போய்விடும், அடுத்த மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடக்கிற அந்த ஒரு கிலோமீட்டரில்தான் சிவப்பு கொப்புளமாகிறது. 5 நிமிடம் உட்கார்ந்து துடைத்து டேப் ஒட்டினால் அதோடு முடிந்துவிடும்.

வந்தே விட்டது என்றால், சிறிதாக இருந்து வலிக்காவிட்டால் உடைக்காமல் மேலே துணிப் பஞ்சு (காஸ்) வைத்து டேப் போடுங்கள். பெரிதாக, விம்மி, ஊன்ற முடியாமல் வலித்தால் மட்டும் நீரை வெளியேற்றலாம். கையையும் காலையும் சோப்பால் கழுவி, போவிடோன் அயோடின் கிருமிநாசினி தடவி, உறை பிரிக்காத புது ஊசி முனையால் கொப்புளத்தின் அடி ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்துங்கள். சுத்தமான துணிப் பஞ்சால் மெல்ல அழுத்தினால் நீர் வடியும். மேல்தோலைப் பிய்க்கவே கூடாது; அடியில் உள்ள பச்சைத் தோலுக்கு அதுதான் மூடி. மறுபடி அயோடின், மேலே துணிப் பஞ்சு, டேப். இரவு கட்டை அவிழ்த்துக் காற்றுப்பட விடுங்கள். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவைக்கும் வழக்கம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், ரோட்டு அழுக்கு அந்த நூல் வழியாகவே உள்ளே இறங்கும். ரத்தம் கட்டிய கொப்புளத்தையும், சர்க்கரை நோயாளியின் எந்தக் கொப்புளத்தையும் நீங்களே குத்த வேண்டாம். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல், மேல்நோக்கிச் சிவப்புக் கோடு என்று ஏதாவது தெரிந்தாலோ நடையை நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

தொடை இடுக்கு உரசலுக்கு வாஸ்லின். புறப்படும்போது ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை. ஈர வேட்டியோடும் ஈரப் பாவாடையோடும் நடப்பதுதான் இதற்கு முதல் காரணம். குளித்தால் காய்ந்த துணிக்கு மாறிவிட்டு நடங்கள். வேட்டிக்கும் சேலைக்கும் உள்ளே முழங்கால் வரை வரும் இறுக்கமான அரைக்கால் சட்டை போட்டால் தொல்லை பாதி குறையும்.

இரவு ரோடு

வெயிலுக்குப் பயந்து ராத்திரி முழுக்க நடப்பவர்கள் நிறைய. இதில் ஒரு கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஓட்டுநர் ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் 25 மீட்டர், பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர், ஆக 45. வேகம் 80 என்றால் 70 மீட்டர் ஆகிவிடும். கரும்பச்சை வேட்டி கட்டி நடப்பவர் டிம் வெளிச்சத்தில் 30 மீட்டரில் தெரிந்தாலே பெரிது. ஓட்டுநர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பச்சை, காவி எதுவானாலும் இருட்டில் கறுப்புத்தான். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை 100 மீட்டருக்கு அப்பாலும் தெரியும். அதை முதுகுப் பையில் மட்டும் ஒட்டினால் போதாது. எதிரே வரும் வண்டிக்கு முதுகு தெரியாது. இரண்டு கணுக்காலிலும் சுற்றிக் கட்டுங்கள். டிம் வெளிச்சம் தாழ்வாக விழுவதால் முதலில் வெளிச்சம் படுவது அங்கேதான். மேலும் கீழுமாக அசையும் இரண்டு புள்ளிகளைப் பார்த்ததும் நடக்கிற ஆள் என்று ஓட்டுநருக்கு உடனே புரியும். மார்பிலும் முதுகிலும் ஒவ்வொரு பட்டை. காவடிக்கும் தனியாக ஒட்ட வேண்டும், அது ஆளைவிட அகலம்.

நடைபாதை போட்டிருக்கிற இடங்களில் கல் குத்தினாலும் அதிலேயே நடங்கள். இல்லாத இடத்தில் ரோட்டின் வலப்பக்க ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக. ரோடு வலப்பக்கம் சட்டென்று திரும்பும் வளைவுகளில் மட்டும் உள்வளைவில் ஒட்டி நடக்காமல், இரு பக்கமும் நன்றாகத் தெரியும் தூரத்திலேயே மறுபக்கம் மாறி, வளைவு தாண்டியதும் திரும்பி வாருங்கள். தைப்பூச நேரத்தில் போலீசார் ஒரு பக்கத்தை ஒதுக்கியிருந்தால் அதன்படியே போங்கள். குழுவின் தலையில் ஒருவர், வாலில் ஒருவர் டார்ச்சோடு. அரோகரா சொல்லிக்கொண்டு போவது நல்லது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு போவது ஆபத்து.

நள்ளிரவு 12 முதல் 4 மணி வரை நடக்காமல் தூங்குவதே சரி. ஓட்டுநர்களுக்குக் கண் சொக்குவதும் அதே நேரத்தில்தான். காலை 4:30, 5 மணிக்குப் புறப்பட்டு 10:30 வரை, பிறகு மாலை 4 முதல் 8:30 வரை நடந்தால் மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம் நிறுத்தங்கள் போக 30 கிலோமீட்டர் தாராளமாக வரும். மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ படுங்கள். ரோட்டு விளிம்பில், நிற்கிற லாரிக்குப் பின்னால், பெட்ரோல் பங்க் வாசலில் படுக்கவே படுக்காதீர்கள். தூக்கத்தில் நீட்டிய கால் எந்த ஓட்டுநர் கண்ணிலும் படாது.

தண்ணீரும் உப்பும்

20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர், 150 முதல் 200 மில்லி. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்க் குமட்டல், தலைவலி, கை வீங்கி மோதிரம் இறுகுவது என்று ஆரம்பித்து நினைவு தடுமாறும் வரை போகும். அதனால் வெயில் நேரத்தில் உப்புப் போட்ட நீர்மோர் அல்லது ஓஆர்எஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவன வாய்பாடு என்று அச்சிட்ட பொட்டலம்தான் வேண்டும். அதில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாக அல்ல. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பு விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் நடக்கிறார்கள். சிறுநீர்க் கடுப்பும் மயக்கமும் அதனால் வருபவை. எந்தெந்த மண்டபத்தில், எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை உண்டு என்று குழுத் தலைவர் முன்பே விசாரித்து, நிறுத்தங்களை அதற்கேற்ப வைக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வதைப் போல இதுவும் அவர் பொறுப்புத்தான்.

வெயிலில் ஒருவர் உளறினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால் அது சாதாரண மயக்கம் அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வலி மாத்திரை

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் கால் வலிக்கும்போது யாராவது ஒருவர் டைக்ளோபினாக் அட்டையை நீட்டுவார். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோபினாக், ஐபுபுரூபன், அசிக்ளோபினாக் இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன; வெறும் வயிற்றில் என்றால் குடலும் புண்ணாகும். தவிர்க்கவே முடியாவிட்டால் பாராசிட்டமால் 650, 6 மணி நேர இடைவெளி விட்டு, நாளைக்கு 4க்கு மேல் போகாமல். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் நடையை அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள்

நாள் முழுக்க நடக்கும்போது அதே மாத்திரை, அதே இன்சுலின் என்றால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் அளவையும் இன்சுலின் அளவையும் எவ்வளவு குறைப்பது என்று புறப்படுமுன் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நடக்கும் நாட்களில் ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுங்கள். வேலை செய்யும் தசைக்கு மேலே போட்ட மருந்து வேகமாக ஏறும். கை நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு வந்தால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை, பிறகு சாப்பாடு. இந்தச் சர்க்கரையோ குளுக்கோஸோ சட்டைப் பையில் இருக்க வேண்டும். சாமான் வண்டியில் இருந்தால் பயனில்லை, வண்டி எப்போதும் 10 கிலோமீட்டர் முன்னால்தான் நிற்கும்.

சாப்பாடு

அன்னதானத்தில் ஆவி பறக்கும் சாப்பாட்டை நம்பிச் சாப்பிடலாம். காலையில் கட்டி மத்தியானம் வரை வெயிலில் கிடந்த பொட்டலச் சோறு, தேங்காய்ச் சட்னி, ஐஸ் கட்டி போட்ட சர்பத், வெட்டி வைத்த பழம் இவை வேண்டாம். வெளியில் கிடந்த சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கை கழுவச் சோப்பு, குடிக்கச் சொந்த டம்ளர். கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, பேரீச்சை, வாழைப்பழம் பையில் இருக்கட்டும்.

முதுகுப் பை 4 கிலோவைத் தாண்ட வேண்டாம். அதில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு சீட்டு: பெயர், ரத்த வகை, நோய், தினசரி மருந்துகள், வீட்டுப் போன் நம்பர். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்திலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

பழநி வந்த பிறகு

சண்முகநதியில் குளிக்கும்போது பலர் கூட்டமாக இறங்குவார்கள். பல நாள் நடந்த கால் நீருக்குள் எளிதில் பிடித்து இழுக்கும். இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். உடைந்த கொப்புளம் உள்ளவர்கள் காலை நனைக்காமல் கரையில் மொண்டு ஊற்றிக்கொள்வது நல்லது.

மலைக்குப் படி ஏறக்குறைய 690. தளர்ந்த உடம்போடு ஒரே மூச்சில் ஏறுவதால்தான் நெஞ்சுவலி வருகிறது. படியைவிட யானைப் பாதை சரிவு குறைவு. 5 நிமிடத்துக்கு ஒரு முறை நின்று ஏறுங்கள். நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை என்றால் ஓர் அடிகூட மேலே வைக்காமல் உட்கார்ந்து ஆள் கூப்பிடுங்கள். முழங்கால் கெடுவது இறங்கும்போதுதான், அதனால் இறங்க மட்டுமாவது விஞ்ச் அல்லது ரோப் கார் கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்ப வேன் ஏற்பாடு செய்யும்போது ஓட்டுநர் நடந்தவராகவோ, ராத்திரி கண் விழித்தவராகவோ இருக்கக் கூடாது. குறைந்தது 6 மணி நேரம் தூங்கி எழுந்தவர்தானா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். வழியில் அவர் கொட்டாவி விட ஆரம்பித்தால் டீ மட்டும் வாங்கிக் கொடுத்து ஓட்டச் சொல்லாதீர்கள். வண்டியை ஓரங்கட்டி அவரை 20 நிமிடம் தூங்க விடுங்கள்.